அலபாமாவும் அதன் கரிசல் பட்டையும்

"மகள் மேற்படிப்புக்காக அமெரிக்காவில் அலபாமா மாநிலம், ஹன்ட்ஸ்வில் போகிறாள். நியூயார்க், கலிபோர்னியா என்றால் ஏதோ கொஞ்சம் தெரியும். அலபாமா என்றாலே இனவெறி என்ற ஒரே சொல்தான் நினைவுக்கு வருகிறது. அது எப்படிப்பட்ட இடம்? நிலம் எப்படி, மனிதர்கள் எப்படி, என்ன வரலாறு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த மாநிலத்தில் சில வருடங்கள் குடியிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். அந்த இனவெறியை எதிர்த்து நின்று, அடிபட்டு, கடைசியில் அமெரிக்கா முழுவதற்குமே சட்டத்தை மாற்ற வைத்தவர்களும் அதே மாநிலத்து மக்கள்தான். இரண்டும் ஏன் அங்கேயே நடந்தன என்று கேட்டால் நான் முதலில் மண்ணைத்தான் காட்டுவேன்.

வடக்கே ஹன்ட்ஸ்வில்லில் காரை எடுத்துத் தெற்கே மொபீல் துறைமுகம் வரை ஓட்டினால் ஐந்தாறு மணி நேரம் ஆகும். அதற்குள் மூன்று நான்கு ஊர்களின் நிலம் மாறிவிடும். வடக்கில் டென்னசி ஆறும் குன்றுகளும். அப்பலாச்சியன் மலைத்தொடர் அங்கே வந்துதான் முடிகிறது. மாநிலத்திலேயே உயரமான சீஹா மலைகூட 2,400 அடி சொச்சம்தான். பர்மிங்காம் பக்கம் வந்தால் செம்மண், இரும்புத்தாது. மான்ட்கோமரி, செல்மா ஊர்களைச் சுற்றி மரம் குறைந்து திடீரென்று புல்வெளி விரியும். அதற்கும் தெற்கே மணலும் பைன் காடும். கடைசியில் சதுப்பு நிலம், மொபீல் விரிகுடா, மெக்சிகோ வளைகுடாக் கடல்.

அந்த நடுப்பகுதிப் புல்வெளிதான் விஷயம். பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர் காலத்தில், கடற்கரை இன்றைய மாநிலத்தின் நடுவே ஓடியது. அந்த ஆழமில்லாத கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து படிந்து வெள்ளைச் சுண்ணப் பாறை ஆனது. கடல் விலகிய பிறகு பாறை சிதைந்து, அதன் மேல் புல் முளைத்து மக்கி, கறுப்பான, கொழுத்த மண் உருவானது. இருபது முப்பது மைல் அகலத்தில், மாநிலத்தின் குறுக்கே இடுப்பில் கட்டிய துணி மாதிரி அது கிடக்கிறது. 'பிளாக் பெல்ட்', கறுப்புப் பட்டை என்பது அதன் பெயர். நமக்கு அது கரிசல். மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும், வெயிலில் பிளந்து வாய் திறக்கும். நம் கரிசல் போலவே அதுவும் பருத்திக்கென்றே அமைந்த மண்.

பருத்திக்கு முன்னால் அங்கே வாழ்ந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. கிரீக், செரோக்கி, சாக்டா, சிக்கசா ஆகிய பழங்குடிகளின் நாடு அது. மாநிலத்தின் பெயரே ஒரு பழங்குடியின் பெயர். டஸ்கலூசா பக்கம் மவுண்ட்வில் என்ற இடத்தில், சுமார் 1000ஆம் ஆண்டிலிருந்து 1450 வரை, பெரிய மண்மேடுகளைக் கட்டி ஒரு நகரமே வாழ்ந்திருக்கிறது. இன்றும் போய்ப் பார்க்கலாம். 1540இல் எர்னாண்டோ டி சோட்டோவின் ஸ்பானியப் படை உள்ளே வந்தது. டஸ்கலூசா என்ற தலைவன் மபிலா என்ற ஊரில் அவர்களை எதிர்த்தான். அந்த ஊரே எரிந்து போனது. 'கறுப்பு வீரன்' என்பது அவன் பெயரின் பொருள். பிளாக் வாரியர் என்று ஓர் ஆறும் டஸ்கலூசா என்று ஒரு பல்கலைக்கழக ஊரும் அவன் பெயரைச் சுமந்துகொண்டிருக்கின்றன.

1814 மார்ச் 27 அன்று டாலபூசா ஆற்றின் வளைவில், ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற இடத்தில், ஆண்ட்ரூ ஜாக்சனின் படை கிரீக் மக்களில் எதிர்த்து நின்ற 'சிவப்புக் கோல்' பிரிவினர் எண்ணூறு பேருக்கு மேல் கொன்றது. அதன்பின் போட்ட ஒப்பந்தத்தில் கிரீக் மக்கள் இரண்டு கோடி ஏக்கருக்கு மேல் எழுதிக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஜாக்சனோடு சேர்ந்து போரிட்ட கிரீக்குகளின் நிலமும் அதில் போனது. மிச்சம் இருந்தவர்களை 1836இல் ஒக்லஹோமா பக்கம் விரட்டினார்கள். வழியில் இறந்தவர்கள் ஏராளம்.

இதில் எனக்கு மறக்க முடியாத ஒருவர் செக்வோயா. எந்த மொழியையும் எழுதவோ படிக்கவோ தெரியாத செரோக்கிக்காரர். இன்று ஃபோர்ட் பெய்ன் என்று சொல்லும் ஊர்ப்பக்கம் வாழ்ந்தபோது, 1821 வாக்கில், தன் மொழிக்குத் தனி ஆளாக எழுத்து உருவாக்கி முடித்தார். ஓர் அசைக்கு ஓர் எழுத்து, நம் உயிர்மெய் எழுத்தைப் போல. மொத்தம் எண்பத்தைந்து சொச்சம். சில வருடங்களிலேயே அந்த மக்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கக் கற்று, சொந்தமாகப் பத்திரிகையும் நடத்தினார்கள். 1838இல் அதே ஃபோர்ட் பெய்னில் கோட்டை கட்டி, செரோக்கிகளைப் பிடித்து அடைத்து, அங்கிருந்து மேற்கே நடத்திக் கூட்டிப் போனார்கள். ஒரு மக்கள் எழுத்து கற்று, பத்திரிகை போட்டு, சட்டம் எழுதி வாழ்ந்தும் நிலத்தை விட்டு விரட்டப்பட்டார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் பாரமாகிறது.

எல்லாம் அந்த நிலத்துக்காகத்தான். பருத்தி விலை ஏறிய காலம். வர்ஜீனியா, கரோலினா, ஜார்ஜியா பக்கத்திலிருந்து வெள்ளையர்கள் அலை அலையாக வந்து இறங்கினார்கள். அந்த வெறிக்கு 'அலபாமா காய்ச்சல்' என்றே பெயர். 1819 டிசம்பர் 14 அன்று அலபாமா 22ஆவது மாநிலமாகச் சேர்ந்தது. நல்ல கரிசல் பெரிய முதலாளிகளிடம் போனது. அவர்கள் தனியாக வரவில்லை, அடிமைகளைச் சங்கிலியில் பிணைத்து நூற்றுக்கணக்கான மைல் நடத்திக் கூட்டி வந்தார்கள். 1860 கணக்குப்படி மாநிலத்தில் இருந்த 9,64,201 பேரில் 4,35,080 பேர் அடிமைகள். கரிசல் மாவட்டங்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேர்கூட அடிமைகளாக இருந்தார்கள். கறுப்புப் பட்டை என்று மண்ணின் நிறத்தை வைத்து வந்த பெயர், பிறகு அங்கே வாழும் மக்களின் நிறத்தையும் குறிப்பதாக ஆகிவிட்டது.

விளைந்த பருத்தி நீராவிப் படகில் அலபாமா ஆறு வழியாக மொபீலுக்குப் போகும். பருத்தி ஏற்றுமதியில் நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்த துறைமுகம் அதுதான். அந்த ஊரின் கதை தனி. 1702இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கியது, பிறகு ஆங்கிலேயர், ஸ்பானியர் என்று கைமாறி 1813இல்தான் அமெரிக்கா வசம் வந்தது. மார்டி கிரா திருவிழா என்றால் எல்லோரும் நியூ ஆர்லியன்ஸைச் சொல்வார்கள். அதற்கும் முன்பே தங்கள் ஊரில் தொடங்கிவிட்டது என்று மொபீல்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள், அது சரியும்கூட. ஊர்வல வண்டிகளிலிருந்து கூட்டத்தைப் பார்த்து மூன் பை என்ற இனிப்பை வீசுவார்கள். அந்தக் கொண்டாட்டத்திலும் வெள்ளையருக்கு ஒரு சங்கம், கறுப்பினத்தவருக்கு ஒரு சங்கம். தனித்தனி அரசன், தனித்தனி அரசி.

அந்த மொபீலில்தான் 1860இல் 'குளோட்டில்டா' கப்பல் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது 1808லேயே தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் டிமோத்தி மீயர் என்ற பணக்காரர் தன்னால் முடியும் என்று பந்தயம் கட்டி, கப்பலை அனுப்பி, இன்றைய பெனின் நாட்டுக் கரையிலிருந்து 110 பேரை இரவோடு இரவாக ஆற்றுக்குள் இறக்கினார். தடயம் தெரியாமலிருக்கக் கப்பலைக் கொளுத்தி மூழ்கடித்தார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்ததும் ஊர் திரும்பக் காசில்லாத அந்த மக்கள், உழைத்துச் சேர்த்த பணத்தில் மொபீலை ஒட்டி நிலம் வாங்கி 'ஆஃப்ரிகாடவுன்' என்று ஓர் ஊரை உண்டாக்கினார்கள். சொந்தக் கோயில், சொந்தப் பள்ளி. அவர்களில் கஜோ லூயிஸ் என்பவர் 1935 வரை உயிரோடு இருந்தார். எரித்த கப்பலின் மிச்சத்தை ஆற்றுச் சேற்றில் கண்டெடுத்து, அதுதான் என்று 2019இல் உறுதி செய்தார்கள். அந்த மக்களின் வாரிசுகள் இன்றும் அந்த ஊரில் இருக்கிறார்கள்.

1861 பிப்ரவரியில், அடிமை முறையைக் காக்க அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்கள் தங்கள் முதல் தலைநகராகத் தேர்ந்தெடுத்தது மான்ட்கோமரியை. அவர்களின் அதிபராக ஜெபர்சன் டேவிஸ் பதவியேற்ற இடத்தில் இப்போதும் ஒரு நட்சத்திரம் பதித்திருக்கிறது. போரில் தோற்றார்கள், அடிமை முறை ஒழிந்தது. ஆனால் நிலம் பழையவர்களிடமே இருந்தது. விடுதலை பெற்றவர்கள் அதே வயலில் வாரத்துக்கு உழுதார்கள். விதைக்கும் சாப்பாட்டுக்கும் முதலாளி கடையில் கடன். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் பாக்கி நிற்கும். இந்தக் கதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

கொஞ்ச காலம் கறுப்பின மக்கள் ஓட்டுப் போட்டார்கள், சட்டமன்றத்துக்கும் போனார்கள். அதை முடிக்கவே 1901இல் புது அரசியல் சாசனம் எழுதினார்கள். இப்படிச் சொல்வது என் கருத்து இல்லை, அந்த மாநாட்டின் தலைவர் ஜான் நாக்ஸ் தன் தொடக்க உரையிலேயே வெள்ளையர் மேலாதிக்கத்தைச் சட்டப்படி நிறுவுவதுதான் நோக்கம் என்று சொன்னார். ஓட்டுரிமைக்கு எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி, சொத்துத் தகுதி எல்லாம் வைத்தார்கள். ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேல் இருந்த கறுப்பின வாக்காளர்கள் இரண்டே ஆண்டில் மூவாயிரத்துக்கும் கீழே வந்தார்கள். ஏழை வெள்ளையரும் பெருமளவில் ஓட்டை இழந்தார்கள். அந்தச் சாசனத்தில் ஒட்டிக்கொண்டிருந்த இனவாத வாசகங்களைத் துடைத்து எழுதிய திருத்தப் பதிப்பை மக்கள் 2022இல்தான் ஏற்றார்கள்.

இதற்கிடையில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று பர்மிங்காம். இரும்புத்தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் பக்கத்திலேயே கிடைக்கிற இடத்தில் 1871இல் அந்த நகரத்தை உருவாக்கினார்கள். கண்மூடித் திறப்பதற்குள் வளர்ந்ததால் 'மாய நகரம்' என்று பெயர். ஊரைப் பார்த்தபடி செம்மலை மேல் 56 அடி உயரத்தில் நிற்கும் வல்கன் என்ற கொல்லர் தெய்வத்தின் இரும்புச் சிலை 1904இல் வார்த்தது. ஆனால் அந்த நிலக்கரிச் சுரங்கங்களில் கைதிகளையும் இறக்கினார்கள். வேலையில்லாமல் திரிந்தான் என்பது போன்ற சின்னக் குற்றம் சாட்டிப் பிடித்த கறுப்பின ஆட்களை அரசே முதலாளிகளுக்கு வாடகைக்கு விட்டது. 1911இல் பேனர் சுரங்கம் வெடித்து 128 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் கைதிகள். இந்த முறையைக் கடைசியாக, 1928இல், கைவிட்ட மாநிலம் அலபாமா.

இன்னொன்று ஒரு பூச்சி. மெக்சிகோவிலிருந்து நகர்ந்து வந்த பருத்திக் காய்க்கூன்வண்டு 1910 வாக்கில் அலபாமாவில் நுழைந்து பருத்தியை அழித்தது. தெற்கே என்டர்பிரைஸ் என்ற ஊரில் பருத்தியை விட்டு நிலக்கடலை போட்டார்கள், பிழைத்துக்கொண்டார்கள். அந்த நன்றிக்கு 1919இல் ஊர் நடுவில் வண்டுக்கே நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். டஸ்கிகி கல்லூரியில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்ற விஞ்ஞானி, பருத்தியால் சோர்ந்த மண்ணுக்குக் கடலை, தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளி மாற்றிப் போடுங்கள் என்று ஏழை விவசாயிகளிடம் வண்டி கட்டிக்கொண்டு போய்ச் சொன்னார். அடிமையாகப் பிறந்தவர் அவர். அந்தக் கல்லூரியை 1881இல் தொடங்கிய புக்கர் வாஷிங்டனும் அடிமையாகப் பிறந்தவர்தான். அந்த மாவட்டத்திலேயே 1932 முதல் 1972 வரை அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை, மேகநோய் (சிபிலிஸ்) கண்ட 399 கறுப்பின ஆண்களுக்கு நோய் என்னவென்றே சொல்லாமல், பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் முற்றுவதைக் கவனித்துக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தது. அங்குள்ள பெரியவர்கள் சிலர் ஆஸ்பத்திரி என்றாலே ஏன் தயங்குகிறார்கள் என்பது இது தெரிந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

சரி, கறுப்பின மக்களின் உரிமை இயக்கத்துக்கு வருவோம். 1955 டிசம்பர் 1, மான்ட்கோமரி. ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார். இது உலகத்துக்கே தெரியும். ஒன்பது மாதம் முன்பே பதினைந்து வயது கிளாடெட் கால்வின் அதே ஊரில் அதையே செய்து கைதானது பலருக்குத் தெரியாது. பேருந்தில் பாகுபாடு செல்லாது என்ற தீர்ப்பு வந்த வழக்கில் வாதிகளாக நின்ற பெண்களில் அவரும் ஒருவர். ரோசா கைதான அன்று இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை விடிய விடிய ஆயிரக்கணக்கில் துண்டுப்பிரசுரம் உருட்டி எடுத்தார். அப்புறம் 381 நாள் அந்த ஊர்க் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறவில்லை. வீட்டு வேலை செய்யும் பெண்கள் மைல் கணக்கில் நடந்தார்கள். அவர்களுக்குத் தலைமை ஏற்ற மார்ட்டின் லூதர் கிங்குக்கு அப்போது வயது 26.

அவர் அந்த ஊர்ச் சபையின் போதகராக இருக்கும்போதே, 1959இல், காந்தியின் நாட்டைப் பார்க்க மனைவியோடு இந்தியா வந்தார். சென்னை, காந்திகிராமம், கன்னியாகுமரி வரை போனார். திருவனந்தபுரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் தன்னை 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர்' என்று அறிமுகப்படுத்தியதையும், முதலில் சுருக்கென்று இருந்து பிறகு அது உண்மைதான் என்று உணர்ந்ததையும் பின்னால் ஒரு பிரசங்கத்தில் சொன்னார்.

1963 மே மாதம் பர்மிங்காமில் இனப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். காவல்துறை நாயை ஏவியது, தீயணைப்புக் குழாயால் அடித்தது. செப்டம்பர் 15 ஞாயிற்றுக்கிழமை பதினாறாவது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வைத்த வெடியில் நான்கு சிறுமிகள் இறந்தார்கள். அந்தக் கோயிலுக்குள் போய் உட்கார்ந்து பாருங்கள், பேச்சு வராது.

அடுத்தது செல்மா, கரிசல் நடுவில் உள்ள ஊர். கறுப்பினத்தவர் பாதிக்கு மேல். ஓட்டுரிமை பெற்றவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு நாள்தான் திறக்கும். 1965 மார்ச் 7 அன்று அறுநூறு பேர் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைத் தாண்டியபோது மாநிலக் காவல் படை தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் விரட்டி விரட்டி அடித்தது. ஊர்வலத்தை முன்னின்று நடத்திய ஜான் லூயிஸுக்கு மண்டை உடைந்தது. நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இரண்டு வாரம் கழித்து மீண்டும் கிளம்பி, 54 மைல் நடந்து, மான்ட்கோமரி சேர்ந்தார்கள். வழியில் மழை. கறுப்பின விவசாயிகள் துணிந்து இடம் கொடுத்த வயல்களில், அந்தக் கரிசல் சேற்றில்தான் இரவில் தங்கினார்கள். ஆகஸ்ட் 6 அன்று ஓட்டுரிமைச் சட்டம் வந்தது.

அந்தச் சாலை லவுண்ஸ் மாவட்டம் வழியாகப் போகிறது. பத்துக்கு எட்டுப் பேர் கறுப்பினத்தவர். 1965 தொடக்கத்தில் ஒருவர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை. பட்டியலில் பெயர் சேர்த்த குடும்பங்களை முதலாளிகள் நிலத்தைவிட்டு வெளியேற்றினார்கள். அவர்கள் சாலையோரம் கூடாரம் போட்டு இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தார்கள், பெயரைத் திரும்ப எடுக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத வாக்காளர்களுக்காக அன்று அங்கே கட்சிகளுக்குச் சின்னம் இருந்தது, நம் ஊரைப் போலவே. அன்று மாநிலத்தை ஆண்ட ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல், கூடவே வெள்ளையர் மேலாதிக்கம் என்ற வாசகம். அதற்கு எதிராக இந்த மக்கள் தொடங்கிய கட்சி கருஞ்சிறுத்தையைச் சின்னமாக வைத்தது. பிறகு கலிபோர்னியாவில் உருவான கருஞ்சிறுத்தைக் கட்சிக்குப் பெயரும் சின்னமும் இந்தக் கிராமத்து விவசாயிகளிடமிருந்து போனதுதான். 1970இல் அவர்களில் ஒருவரான ஜான் ஹியூலட் அதே மாவட்டத்துக்கு ஷெரீப், அதாவது மாவட்டக் காவல் தலைவர், ஆனார்.

இன்றும் தேர்தல் முடிவு வரைபடத்தைப் பார்த்தால், குடியரசுக் கட்சியின் சிவப்பாக இருக்கும் மாநிலத்தின் நடுவே, கறுப்பின மக்கள் இன்று பெரும்பாலும் ஆதரிக்கும் ஜனநாயகக் கட்சியின் நீலப் பட்டை ஒன்று ஓடும். அது அந்தப் பழைய கடற்கரை. கடல் விட்டுச் சென்ற மண், மண்ணுக்கு வந்த பருத்தி, பருத்திக்குக் கொண்டுவந்த மனிதர்கள், அந்த மனிதர்களின் பேரப்பிள்ளைகள் போடும் ஓட்டு. முதல் முறை இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. அந்த வாக்குகளின் பலம் சிதறும்படி தொகுதி எல்லை வரைந்ததாகத் தொடுத்த வழக்கில், 2023இல் உச்ச நீதிமன்றம் அந்த மக்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

அந்த மண் இன்னொரு கொடுமையும் செய்கிறது. அது தண்ணீரை உள்ளே விடாது. லவுண்ஸ் மாவட்டத்தில் பாதாளச் சாக்கடை இல்லாத வீடுகளில் சாதாரண செப்டிக் டேங்க் வேலை செய்யாது. அந்த மண்ணுக்கு ஏற்ற அமைப்புக்கு ஏழைக் குடும்பத்தால் செலவழிக்க முடியாது. கழிவுநீர் கொல்லையில் தேங்குகிறது. 2017இல் வெளிவந்த ஆய்வில், சோதித்தவர்களில் மூன்றில் ஒருவரிடம் கொக்கிப்புழுவின் தடயம் இருந்தது. உலகின் பணக்கார நாட்டில் இப்படியா என்று கேட்கத் தோன்றும். அந்த ஊரில் வளர்ந்த கேத்தரின் கோல்மன் ஃபிளவர்ஸ் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிப் போராடுகிறார்.

இவ்வளவு பாரத்துக்கு நடுவில் அந்த மக்கள் உண்டாக்கிய அழகையும் சொல்ல வேண்டும். அலபாமா ஆறு மூன்று பக்கமும் சுற்றி வளைக்கும் ஒரு துண்டு நிலம் ஜீஸ் பெண்ட். அங்கே பலருக்குக் குடும்பப் பெயர் பெட்வே. ஒரு காலத்தில் அவர்களின் முன்னோரை வைத்திருந்த முதலாளியின் பெயர் அது. குளிருக்குப் போர்த்த, கிழிந்த வேலைச் சட்டை, பேன்ட், மாவு மூட்டை எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி அந்த ஊர்ப் பெண்கள் போர்வை தைத்தார்கள். நேர்கோடாக இருக்காது, கட்டம் சற்றே சாயும், நிறம் எதிர்பாராமல் மாறும். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. 1962இல், ஆற்றைக் கடந்து போய் ஓட்டுரிமை கேட்கத் தொடங்கியபோது அந்த ஊருக்கான படகை நிறுத்திவிட்டார்கள். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும், போக வேண்டுமானால் ஒரு மணி நேரம் சுற்ற வேண்டும். படகு திரும்பி வந்தது 2006இல். அதற்குள் அந்தப் போர்வைகள் ஹூஸ்டன், நியூயார்க் அருங்காட்சியகச் சுவர்களில் தொங்கிவிட்டன, தபால்தலையாகவும் வந்தன.

இசைக்கு வடக்கே மசில் ஷோல்ஸ் போக வேண்டும். டென்னசி ஆற்றங்கரைச் சிற்றூர். 1960களில், பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் காலடி வைக்கக் கூடாது என்று மாநில ஆளுநரே வாசலில் நின்று மறித்த அதே காலத்தில், இங்கே ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் உள்ளூர் வெள்ளை வாத்தியக்காரர்கள் வாசிக்க, அரீத்தா ஃபிராங்க்லினும் வில்சன் பிக்கெட்டும் பாடினார்கள். பிறகு ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவினர்கூட இந்த ஊர் ஒலிக்காக வந்தார்கள். கண் பார்வையும் காது கேட்கும் திறனும் இல்லாமலே படித்து எழுத்தாளரான ஹெலன் கெல்லர் பிறந்த டஸ்கம்பியா அங்கிருந்து கூப்பிடு தூரம். அவர் கையில் தண்ணீர் ஊற்றி ஆசிரியை முதல் சொல்லைக் கற்றுக்கொடுத்த அந்தப் பம்பு இன்னும் அந்த வீட்டுக் கொல்லையில் இருக்கிறது.

ஹன்ட்ஸ்வில் இவை எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் விலகிய ஊர். 1950இல் பதினாறாயிரம் பேர் வாழ்ந்த பருத்தி ஊர். அந்த ஆண்டு ராக்கெட் பொறியாளர் வெர்னர் வான் பிரௌனும் அவரது ஜெர்மன் குழுவும் வந்து இறங்கினார்கள். நாஜி ஜெர்மனியில் அவர் வடிவமைத்த ராக்கெட்டுகளைச் சிறைமுகாம் கைதிகள் செத்துச் செத்துக் கட்டினார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். மனிதனை நிலாவுக்குக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட் இங்கேதான் உருவம் பெற்றது. 2020 கணக்கெடுப்பில் பர்மிங்காமைத் தாண்டி மாநிலத்தின் பெரிய நகரமாகிவிட்டது. பொறியாளர்கள், பல நாட்டு மாணவர்கள், இந்தியக் குடும்பங்கள் என்று கலந்த ஊர், மகளுக்குத் தனிமை தெரியாது. பருத்தியும் எஃகும் போன இடத்தில் இப்போது கார் ஆலைகள்: மெர்சிடிஸ், ஹோண்டா, டொயோட்டா. மான்ட்கோமரியில் 2005 முதல் ஹூண்டாய். ஸ்ரீபெரும்புதூரில் இருக்கும் அதே ஹூண்டாய்தான்.

சாப்பாட்டில் மகள் எதிர்பாராத சொந்தங்களைப் பார்ப்பாள். வெண்டைக்காய் வறுவல், தட்டைப்பயறு, சாலையோரம் அவித்த நிலக்கடலை. வெண்டையும் பயறும் ஆப்பிரிக்கர்களோடு வந்தவை. கிரிட்ஸ் என்று மக்காச்சோளக் கஞ்சி காலையில் உண்டு. சைவம் என்றால் ஒன்று சொல்லிவிடுங்கள்: கீரை, பயறு எல்லாவற்றிலும் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பது அங்கே வழக்கம், கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். கோடையில் மொபீல் விரிகுடாவின் கிழக்குக் கரையில் 'ஜூபிலி' என்று ஓர் அதிசயம் நடக்கும். அடித்தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைந்து, விடியுமுன் நண்டும் இறாலும் தட்டைமீனும் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் ஒதுங்கும். முதலில் பார்த்தவர் கத்துவார், ஊரே விளக்கும் வாளியுமாக ஓடிவரும்.

மனிதர்கள் பழக இனிமையானவர்கள். முன்பின் தெரியாதவரும் நலம் விசாரிப்பார், பெரியவர்களை மரியாதையாக அழைப்பார்கள், எந்தச் சர்ச் என்று கேட்பார்கள். அதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. இலையுதிர் காலச் சனிக்கிழமைகளில் அமெரிக்கக் கால்பந்தாட்டம் தவிர வேறு பேச்சு கிடையாது. இரண்டு பல்கலைக்கழக அணிகளில் அலபாமாவா ஆபர்னா என்று கேட்பார்கள், ஏதாவது ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது: சுழற்காற்று. 2011 ஏப்ரல் 27 அன்று ஒரே நாளில் 62 சுழற்காற்றுகள் மாநிலத்தைத் தாக்கின, இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். சங்கு ஊதினால் உடனே கீழ்த்தளத்துக்கோ ஜன்னல் இல்லாத உள்ளறைக்கோ போய்விடச் சொல்லுங்கள்.

முதல் நீண்ட விடுமுறையில் அவள் மான்ட்கோமரி போய் வரட்டும், காரில் மூன்று மணி நேரம். வெள்ளையர் கும்பல்கள் கொன்ற கறுப்பினத்தவர்களுக்காக 2018இல் திறந்த நினைவிடம் அங்கே இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்றாக எண்ணூறு இரும்புத் தூண்கள், அவற்றில் பெயர்கள். அதோடு சேர்ந்த அருங்காட்சியகத்தில் கண்ணாடி ஜாடிகள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு கொலை நடந்த இடத்துக்கும் ஊர் மக்களும் உறவினர்களும் போய்த் தங்கள் கையாலேயே தோண்டி எடுத்துவந்த மண். ஜாடியின் மேல் இறந்தவர் பெயர், ஊர், தேதி. வடக்கத்திச் செம்மண், தெற்கத்தி மணல், நடுவில் அந்தக் கரிசல்.